மூடி உட்காரும் இடம்

கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். எழுபதிலும் நான் பிரேக் போடுவேன். ஆனால் வண்டியை ஓட்டுவது என் மனைவி. நான் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வருகிறவன். என் காலுக்கடியில் பிரேக் எதுவும் இல்லை, ரப்பர் மிதியடிதான் இருக்கிறது. என் வலது குதிகால் விழும் இடத்தில் அது தேய்ந்து, இப்போது ஓர் எலுமிச்சம்பழம் நுழையும் அளவுக்கு ஓட்டையாகிவிட்டது.

ஒரே ஒரு முறை நானே ஓட்டிப் பார்த்திருக்கிறேன். இருபத்து மூன்றாவது வளைவில் எதிரே வந்த பஸ் ஹாரன் அடித்தது. உடனே வண்டியை நடுரோட்டில் நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்து இறங்கி நின்றுகொண்டேன். எதற்காக இறங்கினேன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பஸ் டிரைவருக்கும் தெரியவில்லை. அவர் தலையை வெளியே நீட்டி, ஏதாவது சாமி கும்பிட வேண்டுமா என்று மரியாதையாகக் கேட்டார். ஆமாம் என்று சொல்லி, அங்கே இருந்த ஒரு மைல்கல்லைக் கும்பிட்டேன். அன்றிலிருந்து மனைவிதான் ஓட்டுகிறாள்.

பயம் வந்தால் சிலருக்கு வியர்க்கும், சிலருக்கு நாக்கு வறளும். எனக்கு ஜோக் வரும். நான் எவ்வளவு சிரிக்க வைக்கிறேனோ அவ்வளவு நடுங்கிக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம். ஊரில் என்னைப் பெரிய தமாஷ் பேர்வழி என்று சொல்வார்கள். உண்மை தெரிந்தவள் மனைவி ஒருத்திதான்.

சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் தென்னையும், மரவள்ளி என்கிற குச்சிக்கிழங்குக் காடும் இருக்கின்றன. சென்ற வருஷம் ஒரு நாள், மலைமேல் மண்பாண்டம் செய்யக் கற்றுக்கொடுக்கிறார்கள், புதன்கிழமைதோறும் போகப் போகிறேன் என்று மனைவி அறிவித்தாள். போ என்றேன். முதல் புதன்கிழமை அவள் ஐந்தாவது வளைவைத் தாண்டுவதற்குள் மூன்று முறை போன் செய்தேன். ஒன்று போனை அணைத்து வையுங்கள், இல்லையென்றால் கூட வாருங்கள் என்றாள். வீட்டில் தனியாக உட்கார்ந்து, வண்டி எந்தப் பள்ளத்தில் கிடக்கிறதோ என்று நினைத்துக்கொண்டிருப்பதைவிட, அந்த வண்டிக்குள்ளேயே இருப்பது மேல் என்று பட்டது. அப்படித்தான் நான் மண் பிசையக் கற்றுக்கொள்ளப் போனேன். கலை ஆர்வம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

வாசலூர்பட்டி படகுத்துறைக்கு மேலே, முன்பு காப்பிக்கொட்டை மூட்டை அடுக்கிய ஒரு பழைய கிடங்குதான் எங்கள் பட்டறை. நாலு சக்கரங்கள், ஒரு நீள மேஜை, சுவரோரம் அலமாரிகள், பின்பக்கம் தகரக் கொட்டகைக்குள் காஸில் எரியும் சூளை. ஆளுக்கொரு சாவி கிடையாது, எல்லாருக்கும் ஒரே சாவி. அது வாசல் பூந்தொட்டிக்கடியில் இருக்கும். இந்த ரகசியம் ஏரிக்கு வரும் சுற்றுலாக்காரர்கள் வரை தெரியும். சொல்லிக்கொடுப்பவர் முப்பது வயதைத் தாண்டிய ஒரு பெண். எங்கேயோ வடக்கே போய் இதைப் படித்துவிட்டு வந்தவர். நாங்கள் எல்லாரும் டீச்சர் என்போம். அவர் என்னை அண்ணா என்பார். குரலை உயர்த்தியே பேச மாட்டார். அதனால் அவர் சொல்வதில் பாதி எனக்குக் கேட்பதில்லை. மீதிப் பாதியைக் கேட்கவிடாமல் நானே பேசிக்கொண்டிருப்பேன்.

சக்கரத்தில் மண்ணை நடுவில் நிறுத்துவதுதான் முதல் பாடம். மூன்று மாதம் ஆயிற்று. என் மண் நடுவைத் தவிர எல்லா இடத்துக்கும் போனது. ஒரு முறை மேஜைக்கே போனது. கடைசியில் ஒரு கிண்ணம் மாதிரி ஒன்று நின்றது. ஒரு பக்கம் உதடு வீங்கி, மறுபக்கம் சரிந்து, பல்வலிக்காரன் முகம் போல இருந்தது. மனைவி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“நாய்க்குக் கஞ்சி ஊத்த ஆகுமுங்க,” என்றாள். கொஞ்சம் யோசித்து, “நாய் ஒத்துக்கோணும்,” என்று சேர்த்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து பட்டறையில் அதற்கு நாய்ச்சட்டி என்றே பெயர். அலமாரியில் அது இருக்கும் தட்டில் யாரோ சாக்பீஸால் ஒரு வாலும் வரைந்து வைத்தார்கள்.

நாங்கள் எல்லாரும் பொழுதுபோக்குக்கு வந்தவர்கள். காரியத்துக்காக வந்தவர் ஒரே ஒருவர்தான். மலைமேலேயே இருக்கும் பைல் நாட்டுக்காரர், என்னைவிட நாலைந்து வயது பெரியவர். அக்கா என்று கூப்பிடுவேன், அவர் என்னைச் சாமி என்பார். மிளகும் குச்சிக்கிழங்கும் சாமையும் விளைகிற காடு அவருடையது. அவர் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பெண் கல்யாணமாகிப் போகும்போது தாய்வீட்டுக் காட்டின் விதைகளைக் கொடுத்தனுப்புவார்கள். சாமை, தினை, கேழ்வரகு, அவரை, மொச்சை என்று துணியில் தனித்தனியாக முடிந்து, காய்ந்த சுரைக்குடுக்கையில் போட்டு, வாயை மண் பூசி அடைத்துவிடுவார்கள். பெண் அதைப் புகுந்த வீட்டில் வைத்திருந்து, மழை இறங்கியதும் உடைத்து விதைப்பாள். மூத்த மகளுக்கும் அப்படித்தான் கொடுத்திருக்கிறார். அங்கே எலி குடுக்கையைக் கொறித்து உள்ளே புகுந்து, விதைக்கு ஒன்றுகூட மிச்சம் வைக்காமல் தின்றுவிட்டது. மூத்த மகள் போனில் அழுதிருக்கிறாள். அக்கா அடுத்த புதன்கிழமை பட்டறை வாசலில் வந்து நின்று, எலிப் பல் இறங்காத சாடி ஒன்று செய்ய வேண்டும், இளையவளுக்கு வைகாசியில் கல்யாணம் என்று டீச்சரிடம் சொல்லியிருக்கிறார்.

முதல் சாடி காயும்போதே வெடித்தது. இரண்டாவது சக்கரத்திலேயே உட்கார்ந்துவிட்டது. மூன்றாவதற்கு மூடி சுருங்கி உள்ளே விழுந்தது. நாலாவது நின்றது. முழங்கால் உயரம், தோள் அகலமாக, கழுத்து குறுகி, மேலே குமிழ் வைத்த மூடி. மூடியை வைத்தால் உள்ளே இருக்கும் காற்று பெருமூச்சு விடுவதுபோல ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தைக் கேட்கவே நாங்கள் ஆளாளுக்குப் போய் மூடியை எடுத்து எடுத்து வைப்போம். அக்கா கையில் அடிப்பார்.

முதல் தடவை சூளையில் வைத்துச் சுட்டதும் பாத்திரங்கள் செங்கல் நிறமாக வரும். அதற்குப் பிறகு கிளேஸ் பூச வேண்டும். பார்க்க அது கெட்டியான மோர் மாதிரி. பூசியதும் மண் ஈரத்தை உறிஞ்சி, வெள்ளையாக, சுண்ணாம்பு அடித்த சுவர்போல ஆகிவிடும். மறுபடி சூளையில் போனால் அந்த வெள்ளை உருகிக் கண்ணாடியாகும், நிறமும் அப்போதுதான் வரும்.

பூச வேண்டிய விதத்தை டீச்சர் விளக்கிய புதன்கிழமை, நான் மேஜையின் மறுகோடியில் மைல்கல்லைக் கும்பிட்ட கதையைப் புதிதாகச் சேர்ந்த இரண்டு பேருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். கதை அன்றைக்கு நன்றாகப் போயிற்று. நடுவில் டீச்சர் குரல் காதில் விழுந்தது: பாத்திரத்தின் அடியில் பூச்சைத் துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் சூளைப் பலகையில் ஒட்டிக்கொள்ளும். கேட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகு அவர் இன்னொரு வாக்கியமும் சொல்லியிருக்கிறார். அந்த நேரத்தில் பஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டிக்கொண்டிருந்தார்.

இங்கே எங்கள் பக்கத்துப் பொங்கலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பொங்கலுக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளையடிப்போம். கதவுக்குப் பின்னால் ஒரு கை அகலம் விட்டுப்போனாலும், வருகிற பங்காளி நேராக வந்து அந்தக் கதவைத்தான் சாத்திப் பார்ப்பான். முப்பது வருஷமாக வெள்ளையடித்து அடித்து, விட்டுப்போன இடத்தைக் கண்டுபிடிப்பதில் என் கண்ணுக்குத் தனிப் பயிற்சி உண்டு. கல்யாண வீட்டுக்குப் போனால்கூட மணமக்களைப் பார்ப்பதற்கு முன் சுவரைத்தான் பார்ப்பேன்.

அன்று மத்தியானம் அக்கா சாடிக்குப் பூசி முடித்துவிட்டு இரண்டு மணி பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார். கல்யாணத்துக்குப் பத்து நாள்கூட இல்லை, ஊர் ஊராகச் சொல்லிவரப் போக வேண்டும். மனைவி வாளி கழுவிக்கொண்டிருந்தாள். நான் பிரஷ்களை அலசி வைத்துவிட்டு, வழக்கம்போல அந்தப் பெருமூச்சைக் கேட்கலாம் என்று மூடியைத் தூக்கினேன்.

சாடியின் வாயைச் சுற்றி விரல் அகலத்துக்கு ஒரு வட்டம் பூச்சே இல்லாமல் செங்கல் நிறத்தில் தெரிந்தது. மூடியின் அடியிலும் அதே மாதிரி ஒரு வட்டம்.

பாவம், பஸ்ஸுக்கு அவசரம் என்று நினைத்தேன். பிரஷை எடுத்தேன். ஒரு தடவை, காய்ந்ததும் இன்னொரு தடவை, அதற்கு மேல் பங்காளி வந்தாலும் கண்டுபிடிக்க முடியாதபடி மூன்றாம் தடவை. தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சும்போதுகூட நான் அவ்வளவு கவனமாக இருந்ததில்லை. காய்ந்த பிறகு மூடியை வைத்தேன். செய்த உதவியைச் சொல்லிக்காட்டக் கூடாது என்பார்கள். வாழ்க்கையில் அன்று ஒரு நாள்தான் அதைக் கடைப்பிடித்தேன்.

சூளை அடுக்கும்போது டீச்சர் ஒவ்வொரு பாத்திரத்தையும் கவிழ்த்து அடியைப் பார்த்தாராம். அக்காவின் சாடிக்கும் அடியைப் பார்த்திருக்கிறார். மூடியைத் தூக்கிப் பார்க்கவில்லை. அக்கா ஈரத் துணியால் அந்த வட்டத்தைத் துடைத்துத் துடைத்து எடுத்ததை அவரே பக்கத்தில் நின்று பார்த்தவர், எதற்குத் தூக்கப் போகிறார்?

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குத் தீ மூட்டினார்கள். முறை வைத்து இரண்டு இரண்டு பேர் கூட இருக்க வேண்டும், அன்று எங்கள் முறை. பதினொரு மணிக்கு டீ வந்தது, போண்டாவும் வந்தது. படகு ஏற வந்த ஒரு குடும்பம் சூளையைப் பார்க்க எட்டிப் பார்த்தது. அந்த வீட்டுக்கார அம்மாள் ஒரு கோப்பையைக் கவிழ்த்து, அடியில் ஏன் பளபளப்பு இல்லை, பூச மறந்துவிட்டீர்களா என்று கேட்டார். டீச்சர் பொறுமையாக விளக்கினார். கிளேஸ் என்பது கண்ணாடி. உருகும்போது எதைத் தொட்டுக்கொண்டிருக்கிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் அடியிலும், மூடி உட்காரும் இடத்திலும் பூச்சைத் துடைத்துவிடுகிறோம்.

“துடைக்காம விட்டா மூடியும் சாடியும் ஒரே கல்லாயிடுமுங்க,” என்றார்.

என் வாயில் போண்டா இருந்தது. அதை விழுங்கினேனா துப்பினேனா என்று நினைவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, அப்பாவியாக முகத்தை வைத்துக்கொண்டு, இந்தப் பூச்சு எப்போது உருக ஆரம்பிக்கும் என்று டீச்சரிடம் கேட்டேன். நாலு மணிக்கு மேல் ஆகும் என்றார். அதற்கு முன்னால் ஏதாவது தவறு தெரிந்தால் காஸை அணைத்து, ஆறவைத்துத் திறந்து சரிசெய்துகொள்ளலாம், ஒரு நாள் கூடுதலாகும், வேறொன்றும் இல்லை என்றும் சொன்னார்.

ஆக, மணி பதினொன்று. எனக்கு ஐந்து மணி நேரம் இருந்தது. சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம். தைரியசாலிக்கு அரை நிமிஷம் போதும்.

நான் முதலில் அந்தக் குடும்பத்துக்கு மைல்கல் கதையைச் சொன்னேன். பிறகு அவர்கள் மாமனாரைப் பற்றி விசாரித்து, மாமனார்களைப் பற்றி நாலு ஜோக் சொன்னேன். அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குள் ஒருவன் விழுந்து விழுந்து எழுந்துகொண்டிருந்தான். டீச்சர் பக்கம் மூன்று முறை போனேன். மூன்று முறையும் சூளை நன்றாக எரிகிறது என்று பாராட்டிவிட்டுத் திரும்பினேன். தனியாக யோசித்தால் தைரியம் வரும் என்று தோன்றியது. ஏரியைவிடத் தனிமையான இடம் எது? பெடல் படகு ஒன்றை எடுத்தேன்.

தண்ணீரென்றாலும் எனக்குப் பயம் என்பது படகு கரையை விட்ட பிறகுதான் ஞாபகம் வந்தது. ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையின் எல்லாப் பட்டைகளையும் இறுக்கிக் கட்டிக்கொண்டேன். இரண்டு பேர் மிதிக்க வேண்டிய படகில் ஓர் ஆள் மட்டும் ஒரு பக்கம் உட்கார்ந்தால் அது சாய்ந்துகொண்டு வட்டம்தான் போடும். வட்டம் போட்டேன். அக்காவிடம் எப்படிச் சொல்வது, டீச்சரிடம் எப்படிச் சொல்வது, சொல்லாமலே இருந்தால் என்ன, மூடி தானாக ஒட்டிக்கொண்டது என்று நினைத்துவிட்டுப் போகிறார்கள் என்று ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு யோசனை. ஏழாவதோ எட்டாவதோ வட்டத்தில் படகு எதிர்க்கரைக் கோரைப்புல்லுக்குள் புகுந்து நின்றுகொண்டது. கையை ஆட்டினேன். கரையில் இருந்தவர்கள் சந்தோஷமாகத் திருப்பி ஆட்டினார்கள். படகுக்காரர் சாப்பிட்டுவிட்டு வந்து, வேறொரு படகில் வந்து கட்டி இழுத்துப்போகும்போது மணி மூன்றைத் தாண்டிவிட்டது.

பட்டறை வாசலில் மனைவி நின்றுகொண்டிருந்தாள். அவளைப் பார்த்ததும் படகுக்காரரை வைத்து ஒரு ஜோக் சொன்னேன்.

“காலையிலிருந்து பதினொரு ஜோக் ஆச்சு,” என்றாள். “எண்ணிக்கிட்டேதான் இருக்கறேன். என்னத்தைப் பண்ணித் தொலைச்சீங்க?”

சொன்னேன். வெள்ளையடித்தது, மூன்று தடவை அடித்தது, எல்லாவற்றையும். அவள் கோபப்படவே இல்லை. அது இன்னும் மோசம். மிதவைச் சட்டையின் பட்டையைப் பிடித்து, கன்றுக்குட்டியை இழுப்பதுபோல என்னைச் சூளைக்கு இழுத்துப் போனாள். அதைக் கழற்றித் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதே எனக்குத் தோன்றவில்லை. வாழ்க்கையின் மிக முக்கியமான ஒப்புதல் வாக்குமூலத்தை நான் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையில்தான் கொடுத்தேன்.

டீச்சர் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சூளையின் சின்னத் துளைக்குள் குனிந்து பார்த்தார். உள்ளே, சூட்டை அளக்க வைத்திருந்த மண் கூம்புகள் தெரியும். போதுமான சூடு வந்தால் அவை ஒவ்வொன்றாகத் தலை சாயும். ரொம்ப நேரம் பார்த்தார். நிமிர்ந்து கண்ணாடியைக் கழற்றினார்.

“இன்னைக்குத் தீ வேகமா ஏறிடுச்சுங்க அண்ணா. சாஞ்சுடுச்சு. அரை மணி முந்திச் சொல்லியிருந்தா…”

அந்த அரை மணி நேரத்தில் நான் கோரைப்புல்லில் உட்கார்ந்து கையாட்டிக்கொண்டிருந்தேன்.

மனைவி வண்டியை எடுத்தாள். எங்கே என்று நான் கேட்கவில்லை. பைல் நாட்டுக்குப் போகிற வழி எனக்கும் தெரியும். மிதவைச் சட்டையை மட்டும் வழியில் படகுத்துறையில் கொடுக்கச் சொன்னாள்.

அக்கா வாசலில் உட்கார்ந்து முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். அந்தச் சாடிக்குள் போக வேண்டிய விதைதான். கல்யாணப் பெண் பக்கத்தில் உட்கார்ந்து பழைய சேலையைக் கிழித்து, விதை முடியத் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். நான் ஒரு ஜோக்கோடு ஆரம்பித்தேன். மனைவி இருமினாள். அதற்குப் பிறகு நேராகச் சொன்னேன். முறம் ஒரே ஒரு முறை தாளம் தப்பியது. பிறகு மறுபடி பழைய சத்தத்துக்கு வந்துவிட்டது. பெண் துணி கிழிப்பதை நிறுத்திவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எந்தப் பக்கம் இருந்து பார்த்தாலும் அது என்மேல்தான் விழுந்தது.

“திறக்கறப்ப எது போகும் சாமி, சாடியா மூடியா?” என்று அக்கா கேட்டார்.

தெரியாது என்றேன். சாடி பிழைத்தாலும் பிழைக்கலாம் என்று டீச்சர் சொன்னதைச் சொன்னேன்.

“அப்பத் திங்கக்கிழமை பார்த்துக்கலாம். எனக்குத் துடைக்கறதுக்கு ஒரு மணி நேரம் ஆச்சுங்க. உங்களுக்குப் பூச எவ்வளவு நேரம் ஆச்சு?”

ஒன்றரை மணி நேரம் என்றேன். அவர் சிரித்தாரா என்று தெரியவில்லை, முறத்தில் ஊதினார். உமி பறந்து என் சட்டையில் ஒட்டியது. தற்செயல் என்றே இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

சூளை ஆற இரண்டு நாள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க, ஒட்டிய மூடியை எடுப்பது எப்படி என்று போனில் தேடினேன். ஒருவர் சுத்தியல் என்றார், ஒருவர் ஐஸ் என்றார், ஒருவர் மன்னிப்பு என்றார். இன்னொரு பக்கம், மூடி மட்டும் திறந்துகொண்டால் மொட்டை போட்டுக்கொள்கிறேன் என்று எட்டுக்கை அம்மனுக்கு வேண்டிக்கொண்டேன். என் தலையைப் பார்த்துவிட்டு மனைவி, அம்மனை ஏமாற்றப் பார்க்கிறீர்கள் என்றாள். உண்மைதான், அங்கே கொடுக்கும்படி அதிகம் ஒன்றும் மிச்சம் இல்லை.

திங்கட்கிழமை சூளையைத் திறந்தார்கள். எல்லாருடைய பாத்திரங்களும் வெள்ளை போய்ப் பளபளவென்று நின்றன. என் நாய்ச்சட்டிகூட ஒரு பக்கம் தேன் நிறத்தில் மின்னியது. அக்காவின் சாடி மிளகுக்கொடி இலையின் பச்சையில், இன்னும் கொஞ்சம் கதகதப்பாக வெளியே வந்தது. மூடிக்கும் சாடிக்கும் நடுவே ஒரு கோடுகூடத் தெரியவில்லை. மூன்று தடவை பூசியதன் அருமை அது. அவ்வளவு சுத்தமாக நான் எந்த வேலையும் செய்ததில்லை.

டீச்சர் மரக்கரண்டியின் காம்பால் மூடியைச் சுற்றி மெல்ல மெல்லத் தட்டினார். அசையவில்லை. வெந்நீர்த் துணியைச் சுற்றி வைத்துத் தட்டினார். அசையவில்லை. இன்னும் பலமாகத் தட்டினால் எது உடையும் என்று சொல்ல முடியாது என்று சொல்லி, காம்பை அக்காவிடம் நீட்டினார்.

அக்கா சாடியை மடியில் வைத்துக்கொண்டார். காதைத் தோளருகே கொண்டுபோய், விரல் முட்டியால் ஒரு சுற்றுத் தட்டிக் கேட்டார், பலாப்பழம் பழுத்துவிட்டதா என்று பார்ப்பதுபோல. ஒரு இடத்தில் நிறுத்தினார். காம்பைக் கையில் எடுத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அதனால் காதில் விழுந்த சத்தங்களை மட்டும்தான் சொல்ல முடியும். ஒரு அடி. இன்னொரு அடி. பிறகு கண்ணாடி விரிசல் விடும் சத்தம்.

கண்ணைத் திறந்தபோது மூடி மூன்று துண்டாக மேஜைமேல் கிடந்தது. சாடி முழுசாக இருந்தது. வாயோரம் நகக்கண் அளவுக்கு ஒரு சில்லு மட்டும் போயிருந்தது. அதை டீச்சர் சாணைக்கல்லால் தேய்த்து வழவழப்பாக்கிவிட்டார். சாடி பிழைத்துவிட்டது. ஆனால் மூடி இல்லாத சாடியால் எலிக்கு என்ன நஷ்டம்? வெள்ளிக்கிழமை கல்யாணம். இன்னொரு மூடி செய்து காயவைத்து இரண்டு முறை சுட மூன்று வாரம் வேண்டும்.

அப்போது பட்டறையில் இருந்த எல்லாரும் தங்கள் தங்கள் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு வந்தார்கள். ஒருவர் தட்டு கொண்டு வந்தார், உள்ளே விழுந்தது. ஒருவர் கோப்பையைக் கவிழ்த்தார், வாயில் பாதியைத்தான் மறைத்தது. ஒருவர் மெனக்கெட்டு வரைந்து செய்த பூவேலைக் கிண்ணம் அழகாக இருந்தது, ஆனால் எலி நடந்து உள்ளே போகும் அளவுக்கு இடைவெளி விட்டது. சாடி ஒவ்வொருவரையும் பார்த்துவிட்டு வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. கடைசியில் என் மனைவி அலமாரிக்குப் போய், சாக்பீஸ் வாலுக்குப் பக்கத்திலிருந்து நாய்ச்சட்டியை எடுத்து வந்து கவிழ்த்து வைத்தாள்.

டக், டக் என்று ஆடியது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அக்கா அதைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினார். சுவரில் பல்லி சத்தம் போடுவதுபோல டக் டக் என்று ஒரு சுற்று வந்தது. முக்கால் சுற்றில் சத்தம் நின்றது. வீங்கிய உதடு சில்லு போன இடத்தின்மேல் போய்ப் படுத்துக்கொண்டது. அக்கா அசைத்துப் பார்த்தார். அசையவில்லை.

“இந்த ஒரு பக்கம்தான் உட்காருது. மேல செம்மண்ணைக் குழைச்சு அடைச்சுட்டா ஆடி வரைக்கும் தாங்கும் சாமி,” என்றார்.

வெள்ளிக்கிழமை கல்யாணத்தில் நான் பந்திக்குக்கூட ஒழுங்காக உட்காரவில்லை. சீர்ப் பாத்திரங்களோடு சாடியையும் வைத்திருந்தார்கள், செம்மண் பூசி, மஞ்சள் குங்குமம் வைத்து. அதன்மேல் என் நாய்ச்சட்டி தொப்பி மாதிரி கவிழ்ந்திருந்தது. யாராவது இடித்துவிடுவார்கள் என்று பக்கத்திலேயே தூணோடு தூணாக நின்றேன். மாப்பிள்ளை வீட்டு அம்மாள் ஒருவர் சாடியை மெச்சிவிட்டு, மூடி மட்டும் ஏன் இப்படி இருக்கிறது என்று அக்காவைக் கேட்டார். நான் தூணுக்குப் பின்னால் அரை அடி நகர்ந்துகொண்டேன்.

“அது தாய்மாமன் ஊட்டுச் சீருங்க,” என்று சொல்லி அக்கா என்னைக் காட்டினார். “கீழேயிருந்து வந்திருக்கறாங்க. அவங்களே கையால செஞ்சது.”

அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். சட்டென்று ஏதாவது ஜோக் சொல்லியிருக்க வேண்டிய இடம். வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. மனைவி தூரத்திலிருந்து என்னைப் பார்த்துவிட்டு, உடம்புக்கு என்ன என்று கையால் சாடை காட்டிக் கேட்டாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு புதன்கிழமையும், பட்டறைக்குள் கால் வைத்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி, பெண் வீட்டிலிருந்து ஏதாவது தகவல் உண்டா, எலி வந்ததா என்பதுதான். வரவில்லை என்பார் அக்கா. அடுத்த வாரமும் கேட்பேன். மழை முதல் தூறல் போட்ட வாரம், கையிலிருந்த மண்ணை மேஜையில் அறைந்துவிட்டுத் திரும்பினார்.

“எலி ஒண்ணும் கொறிக்கலீங்க சாமி. வாரத்துக்கொருக்கா வந்து நீங்கதான் கொறிக்கறீங்க.”

ஆடியில் உடைத்தார்களாம். ஒரு விதைகூடச் சேதம் இல்லை. சாமை முளைத்து விரற்கடை உயரம் நிற்கிறது என்று பெண் தன் போனில் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். அக்கா அதைப் பட்டறையில் எல்லாருக்கும் காட்டினார். ஈரமான சரிவில் பச்சைக் கோடு கோடாக நாற்று. நான் போனை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துக்கொண்டு, வரிசையில் விட்டுப்போன இடம் எங்காவது இருக்கிறதா என்று பார்த்தேன். பழக்கதோஷம். இல்லை.

பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்த மனைவிதான் படத்தின் ஓரத்தை விரலால் பெரிதாக்கினாள். வாசல்படி ஓரம் சாடி காலியாக, வாய் திறந்து வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்தில், மல்லாந்து கிடந்த தேன் நிறச் சட்டிக்குள் ஒரு செவலை நாய் முகத்தைப் புதைத்துக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தது.

அறுப்பு முடிந்ததும் கழுவி மறுபடி மூடிக்கொள்வாள், அதுவரை சும்மா கிடக்க வேண்டாமே என்று வைத்திருக்கிறாள் என்றார் அக்கா, கொஞ்சம் சங்கடத்தோடு. நாய் ஒத்துக்கொண்டதா என்று மட்டும் கேட்டேன். நக்கி நக்கிப் பளபளவென்று வைத்திருக்கிறதாம்.

அன்று சாயங்காலம் மலை இறங்கும்போது என் மனைவி சிரிக்க ஆரம்பித்தாள். அறுபதாவது வளைவில் அடங்கும் என்று பார்த்தேன், அடங்கவில்லை. நாற்பதில் கண்ணைத் துடைக்க ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்தாள். சிரித்துக்கொண்டு ஓட்டுகிறவளின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனின் நிலைமை எழுத்தில் அடங்காது. மிதியடியின் ஓட்டைக்குள் குதிகாலை வைத்து, அடிவாரம் வரும் வரை ஒரே அழுத்தாக அழுத்திப் பிடித்துக்கொண்டேன். இருபத்து மூன்றாவது வளைவில் மட்டும் ஒரு நொடி கதவுப் பிடியிலிருந்து கையை எடுத்து மைல்கல்லைக் கும்பிட்டேன்.